சம்மர் கேம்ப் இல்லாமல் ஒரு கோடை: சிறு பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் எந்தப் பகல்நேர முகாமுக்கும் அனுப்பாமல் வீட்டோடு வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேர். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு நான்கு. மூத்தவனின் நான்காவது வயதிலிருந்து ஒவ்வொரு கோடையையும் இப்படித்தான் கழிக்கிறோம். முதல் வருடம் நிறையத் தடுமாறினேன். அப்போது நான் பிறரிடம் கேட்டு அலைந்தவையும், பிறகு தோழிகளும் உறவினர்களும் என்னிடம் கேட்டவையும்தான் கீழே உள்ள கேள்விகள்.

முகாமுக்கு அனுப்பாவிட்டால் என் குழந்தைக்கு எதுவும் குறைந்துபோகுமா?

குறையாது. முகாமில் கிடைப்பவை புதுப் பழக்கங்கள், மற்ற பிள்ளைகளின் துணை, அக்கறையுள்ள ஒரு பெரியவரின் கவனம். மூன்றும் வீட்டிலிருந்தபடியே கிடைக்கக்கூடியவை. முகாமில் கிடைக்காத ஒன்றும் உண்டு. அது இடையில் யாரும் கூப்பிடாத நீண்ட பொழுது.

சிறு பிள்ளைகளின் விளையாட்டைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். முதல் அரை மணி நேரம் நாற்காலியை இழுப்பார்கள், யார் ஓட்டுநர், யார் பயணி என்று வாதாடுவார்கள், போர்வை போதவில்லை என்று இன்னொன்றைத் தேடுவார்கள். விளையாட்டே தொடங்கவில்லை என்று நமக்குத் தோன்றும். அந்த ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் பேருந்து கிளம்பும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு வகுப்பு என்று பிரித்த நாளில், பேருந்து கிளம்புகிற நேரத்தில் மணி அடித்துவிடும். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாட்டை மட்டும் சொல்லாமல் ஓய்வையும் ஓய்வு நேரத்தையும் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பிரிவு அது.

முகாம்கள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஆசையோடு போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் குழந்தை அப்படியென்றால் அனுப்புங்கள்.

நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். இது நடக்கிற காரியமா?

சிலருக்கு நடக்கும், சிலருக்கு நடக்காது. உங்கள் விடுப்பையும் துணைவரின் விடுப்பையும் ஒரே வாரத்தில் எடுக்காமல் முன்பின்னாக எடுத்தால் சில வாரங்கள் தேறும். ஒருவர் காலையில் சீக்கிரம் கிளம்பி, மற்றவர் தாமதமாகக் கிளம்ப அலுவலகம் அனுமதித்தால் இன்னும் கொஞ்சம். தாத்தா பாட்டியோ சித்தியோ அத்தையோ வந்து தங்கினால் பெரிய உதவி. ஆனால் நாள் முழுக்க ஓடும் குழந்தைக்குப் பின்னால் அவர்களும் ஓட முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டதுதான். வாரத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் எங்கள் வீட்டில், மற்ற இரு நாள்கள் மற்ற வீடுகளில். தொடங்கும் முன்பே சில விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும்: டிவி எவ்வளவு நேரம், தண்ணீரில் இறங்கலாமா, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு என்ன செய்வது, அடம்பிடித்தால் யார் எப்படிக் கண்டிப்பது. பேசாமல் விட்டால் நட்பே கசந்துபோகும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று. நான்கு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. அதையும் அலுவலக வேலையையும் ஒரே நேரத்தில் நாள்தோறும் செய்ய முடியும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். துணைக்கு ஆளே இல்லையென்றால் பாதிக் கோடையை முகாமுக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை.

நாளை எப்படித் திட்டமிடுவது? மணிக்கணக்காக அட்டவணை போடலாமா?

முதல் கோடையில் நான் போட்டேன். ஒன்பது மணிக்கு ஓவியம், பத்து மணிக்குக் கதை, பதினொன்றுக்குக் களிமண் என்று வண்ண வண்ணமாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளே மகன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "அடுத்து என்னம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். கையில் இருக்கும் தூரிகையை வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டான். வீட்டிலேயே ஒரு முகாம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவே அதைக் கழற்றிவிட்டேன்.

துணி காயப்போடும் கொடிக்கு நான்கு கம்பம் இருந்தால் போதும். நடுவில் கயிறு தொய்வாக இருக்கலாம். அதேபோல் நாளுக்கு நான்கு விஷயங்களை மட்டும் நிலையாக வையுங்கள். காலையில் வெளியே போவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமைதி நேரம், மாலையில் மறுபடி வெளியே, இரவில் கதையோடு படுக்கை. எங்கள் வீட்டில் இவை நான்கும் ஏறக்குறைய ஒருநாளும் மாறுவதில்லை. நடுவில் உள்ள பொழுது முழுக்கப் பிள்ளைகளுடையது.

கடிகாரத்தைவிட வரிசைதான் சிறு குழந்தைக்குப் புரியும். "பத்து மணிக்கு" என்றால் நான்கு வயதுக்காரிக்கு ஒன்றும் விளங்காது. "சாப்பிட்டு முடித்ததும்" என்றால் விளங்கும். படிக்கத் தெரியாத குழந்தைக்கு இந்த நான்கையும் படமாக வரைந்து அவள் கண்மட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

"போரடிக்குது" என்று நச்சரித்தால் என்ன சொல்வது?

எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான்.

உடனே ஏதாவது கொடுத்துச் சரிசெய்ய வேண்டாம். பசியா, தூக்கமா, புழுக்கமா, மடியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டுமா என்று மட்டும் பாருங்கள். பாதி நேரம் அந்த வார்த்தைக்குப் பின்னால் இவற்றில் ஒன்று இருக்கும். இளையவள் "போரடிக்குது" என்று சொன்னால், அது பெரும்பாலும் "நீ என்னைப் பார்க்கவே இல்லை" என்பதுதான். ஐந்து நிமிடம் முழுக் கவனத்தோடு அவளுடன் உட்கார்ந்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவளே பார்த்துக்கொள்வாள்.

இவை எதுவும் இல்லையென்றால், "ம், போரடிக்குதா" என்று கேட்டுக்கொண்டு உங்கள் வேலையைத் தொடருங்கள். கோபப்படாமல், அறிவுரை சொல்லாமல். துணி மடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். காலுறைகளை ஜோடி சேர்க்கத் தொடங்கி, அதையே கைப்பொம்மையாக்கி, இருபது நிமிடத்தில் சோபாவுக்குப் பின்னால் நாடகம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை சலிப்பிலிருந்து தானே வழி கண்டுபிடிக்கும். மூன்று வயதுக் குழந்தையை அப்படி விட்டால் அழுகைதான் மிஞ்சும். அதற்குத் தொடக்கம் வேண்டும். மேசை மேல் ஒரு போர்வையைப் போட்டு, நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடலாம். மீதியைக் குழந்தை செய்துகொள்ளும்.

முதல் பத்து நாள் கஷ்டம். பள்ளி மணிக்குப் பழகிய உடம்பும் மனமும் சட்டென்று இளகிவிடாது. அந்தப் பத்து நாளைக் கடக்காமல் "நம் பிள்ளைக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விளையாட்டுப் பொருள்கள் நிறைய வாங்க வேண்டுமா?

வேண்டாம். இருப்பதில் பாதியை எடுத்து மேலே வையுங்கள், இரண்டு வாரம் கழித்து மாற்றிக் கொடுங்கள். பழைய பொம்மையே புதிதாகத் தெரியும்.

டென்மார்க்கைச் சேர்ந்த தோட்டக்கலை வடிவமைப்பாளர் சோரன்சென், தான் வடிவமைத்த விளையாட்டுத் திடல்களில் பிள்ளைகள் விளையாடாமல், கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகையோடும் செங்கல்லோடும் விளையாடுவதைக் கவனித்தார். அவருடைய யோசனையின் பேரில் 1943-இல் கோபன்ஹேகனை ஒட்டிய எம்டுரூப்பில் பலகையும் பழம்பொருளும் நிறைந்த திடல் ஒன்று திறக்கப்பட்டது. பிள்ளைகள் தாங்களே கட்டி, தாங்களே பிரித்து விளையாடினார்கள். 1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற சிற்பி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நகர்த்தவும் சேர்க்கவும் மாற்றவும் முடிகிற உதிரிப் பொருள்கள் ஓர் இடத்தில் எவ்வளவு இருக்கின்றனவோ, அந்த அளவுக்குக் கற்பனைக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றார்.

வீட்டுக்கு அது இப்படி வரும்: அட்டைப்பெட்டிகள், பழைய போர்வைகள், துணி மாட்டும் கிளிப்புகள், மூடிகள், டப்பாக்கள், தலையணைகள், கூழாங்கற்கள், ஒட்டும் டேப். பெரிய சாமான் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வாய்க்குள் போகும் அளவுள்ள எதையும், நாணய வடிவ பேட்டரிகளையும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நீளத்துக்குக் கயிறு கொடுக்காதீர்கள்.

டிவி, மொபைலை எவ்வளவு அனுமதிக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது. அதற்கு மேற்பட்ட வயதில் தூக்கத்தையும் ஓட்டத்தையும் திரை தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் எத்தனை நிமிடம் என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். காலையில் திரையோடு தொடங்கிய நாள் அதன் பிறகு எதிலும் ஒட்டாது. நாங்கள் அமைதி நேரம் முடிந்த பிறகு மட்டும் போடுகிறோம். தினமும் அதே நேரம் என்பதால் பேரம் பேச இடமில்லை. கதையின் நடுவில் அணைக்காமல் ஒரு பகுதி முடிந்ததும் அணைத்தால் அழுகை பாதியாகக் குறைகிறது. உங்களுக்குத் தவிர்க்க முடியாத ஓர் அழைப்பு வந்துவிட்டதா? போட்டுவிட்டுப் போய்ப் பேசுங்கள். ஒருநாளில் ஒன்றும் ஆகிவிடாது.

தானாக விளையாடினால் நட்சத்திரம், பரிசு என்று வைக்கலாமா?

வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, அவர்கள் வரைந்த வண்ணப் பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அவற்றைத் தொட்டார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. பல் துலக்குவதற்கு நட்சத்திரம் கொடுங்கள், விளையாட்டுக்கு வேண்டாம்.

பள்ளியில் படித்ததெல்லாம் மறந்துவிடாதா?

கொஞ்சம் மறக்கலாம். 1996-இல் ஹாரிஸ் கூப்பரும் குழுவினரும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கோடையில் சராசரியாக ஒரு மாதப் பாடம் அளவுக்குப் பின்தங்குவதாகவும், வாசிப்பைவிடக் கணக்கில் அது அதிகம் என்றும் தெரிந்தது. பிறகு வேறு தேர்வு முறைகளைக் கொண்டு பார்த்தவர்களுக்கு இதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது பெரிய கவலை இல்லை.

தினமும் இருபது நிமிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுநடுவே நிறுத்தி "இவன் ஏன் ஒளிந்துகொண்டான்?", "இப்போது என்ன செய்வான்?" என்று கேளுங்கள்; கதையை அவர்கள் உங்களுக்குச் சொல்லட்டும். தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் படித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். கணக்குக்குப் பகடையும் சீட்டுக்கட்டும் அளவுநாடாவும் போதும். நிலாவை ஒரு மாதம் தினமும் பார்த்து நோட்டில் வரையச் சொல்லுங்கள். ஏறக்குறைய 29 நாளில் அதே வடிவம் திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். பயிற்சி நூல்கள் எங்கள் வீட்டில் விடுமுறை முழுக்கப் பெட்டிக்குள்தான்.

வெயிலில் விளையாட விடலாமா?

விட வேண்டும், நேரம் பார்த்து. காலை பத்திலிருந்து மாலை நான்கு மணி வரை புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் வெளியே, நடுவில் நிழல் அல்லது வீடு. தொப்பி, லேசான பருத்தி உடை, எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் கொண்டுபோகவே வேண்டாம். தாகம் என்று குழந்தை சொல்லக் காத்திருக்காமல் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பைக் குளிரவையுங்கள். பேச்சு குழறினால், மயங்கினால், உடம்பு கொதித்தால் அது அவசர சிகிச்சைக்கான நிலை, கொஞ்சமும் தாமதிக்காதீர்கள். நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூடக் குழந்தையைத் தனியே விடாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு கிடுகிடுவென ஏறும்.

மூன்று, நான்கு வயதுக்கு நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். கண்ணுக்கும் வெளிச்சம் நல்லது. சீனாவின் குவாங்சோவில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாள்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்க வைத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்ற பள்ளிகளில் அது சுமார் 40 விழுக்காடு. 2015-இல் வந்த முடிவு இது. இதைப் படித்த பிறகு மாலையில் வெளியே போவதை நாங்கள் ஒருநாளும் தவறவிடுவதில்லை.

தண்ணீர் விளையாட்டு?

கோடையில் இதைவிடச் சந்தோஷமும் கிடையாது, இதைவிட ஆபத்தும் கிடையாது. நீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, கை அசைத்துக் கூப்பிடாது, சத்தமில்லாமல் நடந்துவிடும். சிறு குழந்தைக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரே போதும். அதனால் வாளியானாலும் காற்றடைத்த குளமானாலும் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். பல பெரியவர்கள் கூடியிருக்கும்போது ஒருவர் பேரைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படையுங்கள், இல்லையென்றால் எல்லோரும் பார்ப்பதாக நினைத்து யாருமே பார்க்காமல் போவார்கள். விளையாடி முடித்ததும் தண்ணீரைக் கொட்டி, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நீச்சல் கற்ற குழந்தைக்கும் இதே காவல்தான்.

இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்களே?

போடுவார்கள். 1932-இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர், மிகச் சிறிய குழந்தைகள் ஒருவரோடொருவர் சேர்ந்து விளையாடாமல், பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவதைப் பதிவு செய்தார். சேர்ந்து திட்டமிட்டு விளையாடுவது வயது ஏற ஏறத்தான் வருகிறது. இது தெரிந்த பிறகு "தங்கச்சியோட சேர்ந்து விளையாடு" என்று மகனை வற்புறுத்துவதை விட்டுவிட்டேன். அவன் கட்டும் கோபுரத்துக்கு அவள் கை எட்டாத மேசை ஒன்று, அவளுக்குத் தரையில் தனி இடம். நாளில் கொஞ்ச நேரமாவது பிரிந்திருந்தால் மாலையில் தாங்களாகவே சேர்ந்துகொள்கிறார்கள். கை ஓங்கினால் மட்டும் நான் நடுவில் போவேன்.

வாரத்துக்கு எத்தனை முறை வெளியிடங்களுக்குக் கூட்டிப்போவது?

ஒருமுறை போதும். அதிலும் புதுப்புது இடம் தேட வேண்டாம். ஒரே பூங்கா, ஒரே மரம், ஒரே நூலகம். நான்காவது முறை போகும்போதுதான் எறும்புப் புற்று இடம் மாறியிருப்பது கண்ணில் படும்.

எனக்கு ஓய்வு எப்போது?

அமைதி நேரத்தில். மதியத் தூக்கத்தை விட்டுவிட்ட பிள்ளைகளுக்கும் அது வேண்டும். முதல் நாள் பத்து நிமிடம், பிறகு பதினைந்து என்று கூட்டிக்கொண்டே போனால் சில வாரங்களில் ஒரு மணி நேரத்தைத் தொடலாம். ஆளுக்கு ஓர் இடம், அந்த நேரத்துக்கு மட்டும் திறக்கும் ஒரு பெட்டி: படப் புத்தகம், ஒட்டுப்படங்கள், சின்னப் பொம்மைகள். முடிவதைக் காட்ட மணல் கடிகாரமோ அலாரமோ வேண்டும். இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்பார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் பாத்திரம் தேய்க்காதீர்கள். முதல் வருடம் அதைத்தான் செய்தேன். மாலையில் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். உட்காருங்கள், படுங்கள், சும்மா இருங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளைத் துணைவரிடமோ வேறு யாரிடமோ விட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள். நாள் தவறாமல் அழுகையும் ஆத்திரமுமாக இருக்கிறதென்றால் தனியாகச் சுமக்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள், திட்டத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளி திறக்கும் முன்பு என்ன செய்வது?

தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். இரண்டு வாரம் முன்பிருந்தே இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பத் தொடங்குங்கள். எழும் நேரம் மாறினால் தூங்கும் நேரம் தானாகப் பின்னால் வரும். பள்ளிக்குப் போகும் வழியில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். கடைசி இரண்டு நாளில் பயணமோ விருந்தோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாதி கட்டிய அட்டைப்பெட்டிக் கப்பல் ஏதாவது மூலையில் இருந்தால், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன வருடம் பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க, எங்கள் பிள்ளைகள் பையைக் கழற்றி வைத்த கையோடு அதற்குள்தான் போய் உட்கார்ந்தார்கள்.